உடைந்த வண்டிக்கு வீட்டு வைத்தியம்!

பல்லடத்தில் பொழுது விடிகிறது.

தறிக்குடோனில் இரவு ஷிப்டு முடிந்தவர்கள் வீடு திரும்புகிறார்கள். பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள் புறப்படுகிறார்கள். திருப்பூர் அங்கிருந்து சுமார் 15 கிலோமீட்டர். கோவை–திருச்சி நெடுஞ்சாலையில் லாரிகளும் பஸ்களும் போகின்றன. நடுவே எங்கு பார்த்தாலும் இரு சக்கர வண்டிகள்!

ஒரு வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நிற்கிறது. ஓட்டி வந்தவர் அதைத் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறார். முன்பக்க மூடி இரண்டாகப் பிளந்து தொங்குகிறது.

"ஏனுங்க, என்னாச்சுங்க?" என்று பதறுகிறாள் மனைவி.

"ஒண்ணுமில்ல புள்ள. திருப்பத்துல மணல் கெடந்துச்சு. வண்டி சறுக்கிருச்சு. எனக்கு அடி ஒண்ணும் இல்ல."

"வண்டிக்கு?"

"மூடிதான் போச்சு. புதுசு வாங்கோணும். இந்த வாரச் சம்பளம் அதுக்கே சரியாப் போகும்."

இது ஒரு வீட்டின் கதை அல்ல. வண்டி வைத்திருக்கும் எந்த வீட்டிலும் நடக்கக் கூடியது.

உடைந்த மூடியைத் தூக்கி எறிய வேண்டுமா? வேண்டியதில்லை. பல உடைசல்களை வீட்டிலேயே சரி செய்யலாம். ஆனால் எதை ஒட்டலாம், எதை ஒட்டக் கூடாது என்பது தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் செய்தால் பணம் மட்டுமல்ல, உயிரும் போகும்.

இரும்பு போய் பிளாஸ்டிக் வந்தது

சென்னையில் 1955-ம் ஆண்டில் என்பீல்டு புல்லட் வண்டிகள் உருவாகத் தொடங்கின. அந்த வண்டிகளின் மட்கார்டும் பெட்டியும் இரும்புத் தகட்டால் ஆனவை. கீழே விழுந்தால் நசுங்கும். சுத்தியால் தட்டி நிமிர்த்திக்கொள்ளலாம்.

1958-ம் ஆண்டில் ஜப்பானில் ஒரு மாறுதல் வந்தது. ஹோண்டா கம்பெனி 'சூப்பர் கப்' என்ற சிறிய வண்டியை வெளியிட்டது. அதில் காலை மறைக்கும் முன்மூடி பிளாஸ்டிக்கால் ஆனது. எடை குறைந்தது. செலவும் குறைந்தது.

தமிழ்நாட்டில் 1980-ம் ஆண்டில் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது. இரண்டு பேர் போகக் கூடிய சிறு வண்டி. அந்த வண்டியின் வழி வந்தவற்றில்தான் இன்றும் நூல் மூட்டையும் துணிக் கட்டும் ஏறிப் போகின்றன.

பிறகு பிளாஸ்டிக் மூடிகள் பெருகின. 2003-ல் ஹீரோ ஹோண்டா கரிஸ்மா, 2008-ல் யமஹா ஆர் 15, 2017-ல் ஓசூரில் உருவான அப்பாச்சி ஆர்.ஆர். 310 ஆகியவை முன்புறம் பெரிய மூடியோடு வந்தன.

இந்த மூடிக்கு 'ஃபேரிங்' என்று பெயர். காற்றுக் கவசம் என்று சொல்லலாம். விளக்கைச் சுற்றி மட்டும் இருப்பதை மெக்கானிக்குகள் 'டூம்' என்பார்கள்.

காற்றோடு போட்டி

இந்தக் கவசம் எதற்கு? அழகுக்கு மட்டுமா?

இல்லை. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவரை 80-க்குப் போகச் சொன்னால், காற்று நான்கு பங்கு பலத்தோடு அவரைப் பிடித்துத் தள்ளும். வளைந்த கவசம் காற்றை இரு பக்கமும் ஒதுக்கி விடும்.

ஆனால் அதே கவசம் ஆபத்தையும் கொண்டுவரும். 1950-களில் ஐரோப்பியப் பந்தய வண்டிகளுக்கு முன்சக்கரத்தையே மூடும் பெரிய கவசம் போட்டார்கள். வேகம் கூடியது. ஆனால் பக்கக் காற்று அடித்தபோது வண்டி தடுமாறியது. அதனால் 1958 முதல் உலகப் பந்தயங்களில் அந்த வகைக் கவசத்துக்குத் தடை வந்தது.

பக்கக் காற்று என்றால் என்ன என்பதைப் பல்லடத்துக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டுமா? பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆனியிலும் ஆடியிலும் காற்று கிளம்பி வருகிறது. பல்லடம், உடுமலை வட்டாரத்தில் காற்றாலைகள் சுழல்வது அந்தக் காற்றால்தான். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அரைகுறையாகத் தொங்கும் பிளாஸ்டிக் பறக்காதா? பறந்தால் பின்னால் வருகிறவர் முகத்தில் விழும். அல்லது முன்சக்கரத்தில் சிக்கும்.

ஆகவே உடைந்த மூடியைக் கயிற்றால் கட்டிக்கொண்டு ஓட்டுவது கூடாது. ஒன்று, சரியாக ஒட்ட வேண்டும். அல்லது, கழற்றி வீட்டில் வைத்துவிட வேண்டும்.

முதலில் மனிதர், பிறகு வண்டி

வண்டி விழுந்தால் முதலில் ஓட்டியவரைப் பார்க்க வேண்டும். தலையில் அடி பட்டிருந்தால், வெளியே காயம் இல்லாவிட்டாலும் டாக்டரிடம் போக வேண்டும்.

பிறகு வண்டி. மூடி உடைந்திருப்பது கண்ணுக்குத் தெரியும். மூடிக்கு உள்ளே வளைந்திருப்பது தெரியாது. அதனால் இவற்றைச் சோதிக்க வேண்டும்:

ஹேண்டில் பார் நேராக இருக்கிறதா? முழுவதும் இரு பக்கமும் திரும்புகிறதா? முன் போர்க்கு வளைந்திருக்கிறதா? பிரேக்கு பிடிக்கிறதா? பிரேக் ஆயில் கசிகிறதா? ஆக்சிலேட்டரை முறுக்கி விட்டால் தானாகத் திரும்புகிறதா? டயரில் எதுவும் உரசுகிறதா?

இவற்றில் ஒன்று தவறானாலும் வண்டி மெக்கானிக்கிடம் போக வேண்டும். மூடியை ஒட்டுவது அதற்குப் பிறகுதான்.

இட்லித் தட்டு உதவும்!

மூடியைக் கழற்றும்போது பலரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. எல்லா ஸ்குரூவையும் ஒரே டப்பாவில் போட்டுவிடுவார்கள். மாட்டும்போது எது எங்கே என்று தெரியாது. நீள ஸ்குரூவைக் குட்டையான இடத்தில் முடுக்கினால் உள்ளே இருக்கும் ஒயரைக் குத்தும்.

இதற்கு வழி எளிது. பழைய இட்லித் தட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ஒரு குழிக்கு ஓர் இடத்து ஸ்குரூ. முதல் குழியில் முதலில் கழற்றியது. கடைசிக் குழியில் கடைசியில் கழற்றியது. மாட்டும்போது கடைசியிலிருந்து தொடங்கினால் போதும். முட்டை வைக்கும் அட்டையும் இதற்கு ஏற்றதே.

ஸ்குரூ போனாலும் மூடி வராவிட்டால் பலம் கொண்டு இழுக்கக் கூடாது. எங்கோ ஒரு கொக்கியோ, மறைந்த ஸ்குரூவோ பிடித்திருக்கும். தேடிப் பார்க்க வேண்டும். கீழே விழுந்து உடைந்ததைவிட, இழுத்து உடைந்த மூடிகள் ஏராளம்.

ரப்பர் வளையங்களை எறியக் கூடாது. வண்டியின் அதிர்வை அவைதான் தாங்குகின்றன. ரப்பர் இல்லாமல் முடுக்கிய மூடி, ஓட்டையைச் சுற்றி மறுபடியும் வெடிக்கும்.

எந்தப் பிளாஸ்டிக்?

எல்லாப் பிளாஸ்டிக்கும் ஒன்று அல்ல. ஒன்றுக்கு ஒத்துவரும் மருந்து மற்றொன்றுக்கு ஒத்துவராது.

மூடியின் உட்புறத்தைப் பார்த்தால் சிறிய ஆங்கில எழுத்துகள் தெரியும். ஏ.பி.எஸ். என்று இருந்தால் ஒரு வகை. பி.பி. என்று இருந்தால் மற்றொரு வகை. பளபளக்கும் வர்ண மூடிகள் பெரும்பாலும் ஏ.பி.எஸ். வர்ணம் அடிக்காத கறுப்பு மூடிகள் பெரும்பாலும் பி.பி.

ஒரு குறிப்பு: சில வண்டிகளின் முன்சக்கரத்துக்கு அருகில் ஏ.பி.எஸ். என்று எழுதியிருக்கும். அது பிரேக்கைப் பற்றியது. பிளாஸ்டிக்கைப் பற்றியது அல்ல.

எழுத்து அழிந்திருந்தால் ஒரு கிண்ணம் தண்ணீர் போதும். உட்புறத்தில் சிறு துணுக்கைச் சீவித் தண்ணீரில் போட வேண்டும். மிதந்தால் பி.பி. மூழ்கினால் ஏ.பி.எஸ். ஆக இருக்கலாம். ஆனால் பி.பி.யில் கல் மாவு கலந்திருந்தால் அதுவும் மூழ்கும்.

சந்தேகம் இருந்தால் இன்னொரு சோதனை. அசிட்டோன் என்ற திரவம் ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும். உட்புறத்தில் ஒரு துளி விட வேண்டும். பிசுபிசுவென்று இளகினால் ஏ.பி.எஸ். அசையாமல் இருந்தால் பி.பி.

விரிசலுக்கு ஒரு துளை

விரிசல் விட்ட பிளாஸ்டிக்கைப் பார்த்தால், கிழிந்த வேட்டி நினைவுக்கு வரும். ஒரு முனையில் கிழிந்தது, இழுக்க இழுக்கக் கிழிந்துகொண்டே போகும். வண்டி அதிர அதிர விரிசலும் அப்படித்தான் நீளும்.

அதை நிறுத்த ஒரு வழி உண்டு. விரிசல் முடியும் இடத்தில் 3 மில்லிமீட்டர் அளவில் சிறு துளை போட வேண்டும். கூர்மையான முனையில் சேர்ந்த இழுப்பு, வட்டமான துளையில் பரவிவிடும். விரிசல் அங்கேயே நின்றுவிடும்.

பிறகு மூடியைச் சோப்புத் தண்ணீரில் கழுவி உலர்த்த வேண்டும். உட்புறத்தில் விரிசல் நெடுகக் கத்தியால் வாய்க்கால் போல் சீவ வேண்டும். ஒட்டும் பொருள் இறங்க அதுவே இடம். இரு பக்கமும் உப்புத்தாள் தேய்த்துச் சொரசொரப்பாக்க வேண்டும்.

ஏ.பி.எஸ். ஒட்டுவது எப்படி?

உடைந்து போன ஏ.பி.எஸ். துண்டுகளை எறியாமல் வைத்திருக்க வேண்டும். அவற்றைப் பொடியாக நறுக்கிக் கண்ணாடிப் புட்டியில் போட்டு, மூழ்கும் அளவு அசிட்டோன் ஊற்றி மூடி வைத்தால், மறுநாள் தோசை மாவு போல் கரைந்திருக்கும்.

விரிசலின் இரு ஓரத்தையும் சேர்த்து, வெளிப்பக்கம் டேப் ஒட்டிப் பிடித்துக்கொண்டு, உட்புறத்தில் இந்த மாவைத் தடவ வேண்டும். ஒரே தடவையில் கனமாகப் பூசக் கூடாது. மெல்லியதாக இரண்டு மூன்று தடவை பூசலாம். ஒரு நாள் முழுவதும் காய வேண்டும். அசிட்டோன் ஆவியாகப் போய்விடும். மிஞ்சுவது மறுபடியும் கெட்டியான ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கே! அது ஒட்டு அல்ல. ஒரே உடலாக இணைந்துவிடுகிறது.

வெளிப்புற வர்ணத்தில் அசிட்டோன் பட்டால் வர்ணம் கரையும். எச்சரிக்கை தேவை.

ஸ்குரூ மாட்டும் காது உடைந்திருந்தால் இன்னும் பலம் வேண்டும். பழைய டீ வடிகட்டியின் கம்பி வலையை வெட்டி எடுக்கலாம். அதை உட்புறத்தில் வைத்து, சூடான சால்டரிங் அயர்னால் மெல்ல அழுத்தினால் பிளாஸ்டிக்குள் புதைந்துவிடும். மேலே மாவைப் பூசி மூடிவிடலாம். வீடு கட்டுகிறவர்கள் கான்கிரீட்டுக்குள் கம்பி வைப்பது போலத்தான்.

உடனே ஒட்டும் பசையை மட்டும் நம்பக் கூடாது. அது விறைப்பாகக் காயும். அதிர்வு தாங்காமல் விட்டுவிடும்.

பி.பி. பசைக்கு அடங்காது

பி.பி. பிளாஸ்டிக்கில் சாதாரணப் பசை எதுவும் பிடிக்காது. தாமரை இலைத் தண்ணீர் போல் விலகும். அதைச் சூட்டினால்தான் இணைக்க முடியும்.

சேர்க்கும் துண்டும் பி.பி. ஆகவே இருக்க வேண்டும். பழைய பிளாஸ்டிக் டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும். 5 என்று இருந்தால் அது பி.பி. அதிலிருந்து குச்சி போல் நறுக்கி, சால்டரிங் அயர்னால் விரிசலில் உருக்கி இறக்கலாம். விரிசலின் இரு கரையும் இளகிக் குச்சியோடு கலக்க வேண்டும். மேலே மட்டும் உருகி வழிந்தால் பயன் இல்லை.

பைபர் கிளாஸ் என்றால்?

கடையில் வாங்கி மாட்டும் சில மூடிகள் பைபர் கிளாஸால் ஆனவை. உடைந்த இடத்தில் கண்ணாடி நார் தெரியும். இதற்கு ரெசினும் நார்த் துணியும் வேண்டும்.

ரெசினோடு கோபால்ட், ஹார்டனர் என்று இரண்டு புட்டிகள் தருவார்கள். இந்த இரண்டையும் நேராக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது. கலந்தால் தீப்பற்றி வெடிக்கும்! முதலில் ரெசினில் கோபால்ட்டைக் கலக்க வேண்டும். நன்றாகக் கலந்த பிறகே ஹார்டனரைச் சில சொட்டு விட வேண்டும். ஹார்டனர் கண்ணில் பட்டால் பார்வை போகும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது. காய்ந்த பின் தேய்க்கும்போது நார்த்தூள் பறக்கும். மூக்கையும் மூடிக்கொள்ள வேண்டும்.

பஞ்சும் நெருப்பும்

பல்லடத்தில் தறி ஓடும் வீடுகள் உண்டு. பஞ்சுத் தூசு சுவரிலும் தரையிலும் படிந்திருக்கும். அசிட்டோன் ஆவி பெட்ரோல் ஆவியைப் போல் பற்றக் கூடியது. சால்டரிங் அயர்னோ நெருப்புப் போல் சூடானது. பஞ்சு, ஆவி, சூடு மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே இந்த வேலையைத் தறிக்குடோனில் செய்யக் கூடாது. சமையல் அறையிலும் கூடாது. காற்றோட்டமான வாசலில், நிழலில் செய்ய வேண்டும். மூடியை வண்டியிலிருந்து கழற்றித் தனியே வைத்த பிறகே சூடு காட்ட வேண்டும். அசிட்டோன் புட்டியை மூடித் தொலைவில் வைத்த பிறகே சால்டரிங் அயர்னை எடுக்க வேண்டும். பிளாஸ்டிக் உருகும் புகை கெடுதலானது. குழந்தைகளை அருகில் விடக் கூடாது. வேலை முடிந்ததும் புட்டியைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில், பெயர் எழுதி வைக்க வேண்டும்.

வர்ணம் பூசும் முறை

காய்ந்த இடத்தை முதலில் முரட்டு உப்புத்தாளாலும், பிறகு மெல்லிய வாட்டர் பேப்பராலும் தேய்க்க வேண்டும். பள்ளம் இருந்தால் பட்டி வைத்து மறுபடியும் தேய்க்கலாம். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்த்தால் மேடு பள்ளம் தெரிந்துவிடும்.

பிறகு பிரைமர். அதன்மேல் வர்ணம். ஸ்பிரே டப்பாவை ஒரு சாண் தூரத்தில் பிடித்து, கையை நிறுத்தாமல் வீச வேண்டும். நின்றால் வர்ணம் வழியும். மெல்லிய பூச்சு மூன்று, கனமான பூச்சு ஒன்றைவிட மேல். ஆடிக் காற்றில் இதைச் செய்தால் தெருப் புழுதி முழுவதும் வர்ணத்தில் ஒட்டும்!

தினமும் செய்ய வேண்டியது

விழாத வண்டியின் மூடியும் கெடும். அதற்கு முதல் எதிரி வெயில். வெயிலில் நிற்கும் கறுப்பு மூடி சாம்பல் நிறமாக வெளுக்கும். நிழலில் நிறுத்தினால் பாதிக் கவலை தீர்ந்தது.

இரண்டாவது எதிரி பெட்ரோல். எண்ணெய்க் கறையைப் போக்கப் பலர் பெட்ரோல், மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்கிறார்கள். அது பிளாஸ்டிக்கில் நுண்ணிய விரிசலை உண்டாக்கும். விளக்கின் மேல்மூடி மங்கிப் போகும். பிரேக் ஆயில் சிந்தினால் வர்ணமே உரிந்து வரும். உடனே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.

துடைக்க ஏற்ற துணி எது? ஊரில் கிடைக்கும் பனியன் வேஸ்ட் துணியே! பட்டறைகளில் துடைக்கப் பயன்படுவதும் அதுதான். ஆனால் புழுதியோடு துடைக்கக் கூடாது. மணல் தேய்த்துக் கோடு போடும். முதலில் தண்ணீர் ஊற்றிப் புழுதியைப் போக்கி, பிறகு சோப்பு நீரில் நனைத்துத் துடைக்க வேண்டும்.

மாதம் ஒரு முறை ஸ்குரூக்களைத் தொட்டுப் பார்க்க வேண்டும். தளர்ந்த ஒன்று, மற்றவற்றையும் உடைக்கும்.

இவற்றை ஒட்டக் கூடாது

முன் மட்கார்டு உடைந்து டயரில் உரசும் நிலையில் இருந்தால் புதியது போட வேண்டும். ஒட்டு விட்டால் சக்கரமே நின்றுவிடும்.

பின்சக்கரத்தின் பக்கத்தில் இருக்கும் சேலைத் தடுப்பு அழகுப் பொருள் அல்ல. பின்னால் உட்கார்ந்து போகிறவரின் ஆடை சக்கரத்தில் சிக்காமல் காப்பது அது. சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மூடும் தடுப்பு வேண்டும் என்று 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-வது விதி சொல்கிறது. கையால் பிடிக்கும் பிடியும், கால் வைக்கும் இடமும் அதே விதியில் உண்டு. சேலையும் துப்பட்டாவும் அணிந்து பெண்கள் வேலைக்குப் போகும் ஊரில், தடுப்பைக் கழற்றி எறிவதைப் போன்ற தவறு வேறு இல்லை. உடைந்தால் அன்றே மாற்ற வேண்டும்.

ஹெல்மெட்டை எந்தப் பசையாலும் ஒட்டக் கூடாது. ஒரு பலத்த அடியைத் தாங்கியதும் அதன் உள்ளே இருக்கும் நுரைப் பகுதி நசுங்கிவிடும். வெளியே பார்த்தால் தெரியாது. அடுத்த அடியை அது தாங்காது. புதிதாக வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 2021 ஜூன் 1 முதல் இந்த முத்திரை கட்டாயம்.

காப்பீடு தருமே?

"இன்சூரன்ஸ் இருக்கிறதே, வீட்டில் எதற்கு ஒட்ட வேண்டும்?" என்று சிலர் கேட்பார்கள்.

வழக்கமான முழுக் காப்பீட்டில் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 50 சதவீதமும், பைபர் கிளாஸுக்கு 30 சதவீதமும் தேய்மானம் என்று கழித்துக்கொள்வார்கள். மேலும், ஓர் ஆண்டு பணம் கேட்காமல் இருந்தால் அடுத்த ஆண்டு 20 சதவீதம் தள்ளுபடி கிடைக்கும். சிறு மூடிக்காகப் பணம் கேட்டால் அந்தத் தள்ளுபடி போய்விடும். கணக்குப் போட்டுப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

பெரிய விபத்து என்றால் தயங்காமல் கேட்க வேண்டும். சிறு விரிசல் என்றால் ஞாயிற்றுக்கிழமையும் ஒரு புட்டி அசிட்டோனும் போதும்.

வாரச் சம்பளம் மிஞ்சும்!

மீண்டும் அந்த வாசலுக்கு வருவோம்.

மூடி ஒட்டிக் காய்ந்துவிட்டது. தழும்பு கொஞ்சம் தெரிகிறது. தெரிந்தால் என்ன? வாரச் சம்பளம் வீட்டில் இருக்கிறது. பள்ளிக்கூடக் கட்டணத்துக்கு அது ஆகும்.

"அப்படியே புதுசு மாதிரி இருக்குதுங்க," என்கிறாள் மனைவி.

"புதுசு மாதிரி இல்ல புள்ள. ஆனா கெட்டியா இருக்குது. ஹெல்மெட்டு மட்டும் புதுசு வாங்கிப் போடலாம்."

அவர் சொன்னது சரியான கணக்கு. மூடியில் மிச்சம் பிடிக்கலாம். தலையில் மிச்சம் பிடிக்கக் கூடாது!